அனுப்பக் காத்திருப்பவை

ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு சீட்டுகளைப் பிரித்தபோதுதான், தான் செய்திருக்கும் காரியம் மங்கலத்துக்குத் தெரிந்தது. கோமதியம்மாளின் பெயரில் மாடம்மாளின் பிளேட்லெட் எண்ணிக்கையை அடித்திருக்கிறாள். மாடம்மாள் கண் ஆப்பரேஷனுக்கு முன் பரிசோதனைக்காக ரத்தம் கொடுத்தவள். அவளுக்கு இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். கோமதியம்மாளுக்கு டெங்கு, ஆஸ்பத்திரியில் படுத்து ஐந்து நாளாகிறது. அவளுக்குப் பதினெட்டாயிரம்தான்.

கரமனையில் அவள் வேலை பார்க்கும் லேபில், போன மாதம் வரை பிரௌசரைத் திறந்து, ஆஸ்பத்திரி சைட்டின் விலாசம் அடித்து, ஒவ்வொரு ரிப்போர்ட்டாக ஏற்ற வேண்டும். நெட் போனால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். டெக்னோபார்க்கில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு ஹரிநாராயணன் வந்து அதையே டெஸ்க்டாப்பில் ஓர் ஐகானாக வைத்துக் கொடுத்தான். தட்டினால் தனியாகத் திறக்கும். நெட் இல்லாவிட்டாலும் அடித்ததைக் கம்ப்யூட்டரிலேயே வைத்திருந்து, லைன் வந்ததும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடும். "நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம் மாமி" என்றான் அவன். காலை மழையில் நெட் போயிருந்தது. திரையின் அடியில் 'அனுப்பக் காத்திருப்பவை: 8' என்றிருந்தது. அவள் அவனுக்குப் போன் செய்தாள்.

"ஹரி, ஒண்ணு தப்பா அடிச்சுட்டேன்டா. இன்னும் போகலே. எப்படி எடுக்கறது?"

"அத மட்டும் எடுக்க முடியாது மாமி. மொத்தத்தையும் அழிச்சுட்டுத் திரும்ப அடிக்கணும். செட்டிங்ஸ்லே போங்கோ, கீழே..."

அதற்குள் நெட் வந்துவிட்டது. எட்டு ஏழாயிற்று. மங்கலம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆறு, ஐந்து. நாற்காலியைத் தள்ளிவிட்டு மேஜைக்கடியில் புகுந்து கேபிளைப் பிடுங்கினாள். நிமிர்ந்தபோது நான்கு.

"எதெல்லாம் போச்சுன்னு இதுலே பாக்க முடியுமாடா?"

"அது... அத நான் இன்னும் வெக்கலே மாமி. நெட்டைக் குடுத்துட்டேள்னா எல்லாம் போயிடும். அப்புறம் திருத்திக்கலாம். யாருக்கும் தெரியாது."

போனை வைத்துவிட்டு, கையில் கேபிளோடு உட்கார்ந்திருந்தாள். கோமதியம்மாளின் சீட்டில் டாக்டர் பச்சை மையில் எழுதியிருந்தார், ஒரு லட்சத்துக்கு மேல் இருந்தால் இன்று வீட்டுக்கு அனுப்பலாம் என்று. போகாத நான்கில் அது இருந்தால் இப்போதே அழித்துவிடலாம். போயிருந்தால்? உள்ளறையில் லேப் முதலாளி வன்னியபெருமாள் செய்தித்தாள் புரட்டும் சத்தம் கேட்டது. போன மாதம் ஒருத்தரின் வயதை மாற்றி அடித்ததற்கே, இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்றிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தால் அவர் காதில் விழும். கேபிளைச் செருகிச் சத்தமில்லாமல் திருத்திவிட்டால் விழாது. செருகப் போனவள் நிறுத்தினாள். அதற்குள் யாராவது அந்த எண்ணைப் படித்துவிட்டால்? கடிகாரத்தைப் பார்த்தாள். இப்படி யோசித்ததிலேயே பத்து நிமிஷம் போயிருந்தது. கேபிளைக் கீழே போட்டாள். ரிசீவரை எடுத்தாள். மூன்றாவது தடவைதான் லைன் கிடைத்தது. வார்டு நர்ஸ் ஷிஜா எடுத்தாள்.

"ஷிஜா, லேப்லேர்ந்து மங்கலம். கோமதியம்மாள் ரிப்போர்ட் வந்துதா?"

"வந்தல்லோ சேச்சி. ரெண்டு நாப்பது. டாக்டரும் பாத்தாச்சு. காலையிலேயே பையெல்லாம் கட்டி வெச்சிருந்தாங்க, இப்பத்தான் மகன் கூட்டிட்டு இறங்கினாரு."

"அது தப்பாக்கும்!" அவள் குரல் அவளுக்கே உரக்கக் கேட்டது. "நான் அடிச்ச தப்பு. பதினெட்டாயிரம்தான். அவாளை விடாதே, ஓடு!"

ரிசீவர் மேஜையில் விழும் சத்தம். செருப்புச் சத்தம் ஓடி மறைந்தது. உள்ளறையில் செய்தித்தாள் புரட்டும் சத்தம் நின்றது.

தகரக் கூரையில் மழை விழுவது போன் வழியாகக் கேட்டது. யாரோ பிளாஸ்க் கேட்டார்கள். வெகு கீழே ஷிஜாவின் குரல், "அம்மா, நில்லுங்க!" அதன்மேல் ஒரு ஆட்டோ கிளம்பும் இரைச்சல்.

"என்ன மங்கலம், என்ன தப்பு?" வன்னியபெருமாள் பின்னால் வந்து நின்றார்.

திரும்பாமலே அவள் கையை உயர்த்தி அவரைப் பேசாதிருக்கச் சொன்னாள். போனுக்குள், படிகளில் காலடிகள் ஏறி வந்துகொண்டிருந்தன. மெதுவாக, நின்று நின்று. ஷிஜா மட்டும்தானா, கோமதியம்மாளும் கூட வருகிறாளா என்று தெரியவில்லை. காது வலிக்க ரிசீவரை அழுத்திக்கொண்டாள்.