மூன்றில் நடுவானது

1.
இந்தக் கதை பல் மருத்துவரின் வாசலில் எனக்குக் கிடைத்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஓய்வுபெற்ற அரசுச் செயலாளர். வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டே சொன்னார்: "போருக்குப் போகலாம்னு அந்த ரூம்ல யாருமே சொல்லல சார். நடுவுல இருந்தத எடுத்துக்கிட்டோம், அவ்வளவுதான்." அதற்குள் அவரை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2.
குண்டுகள் முழங்க, அயல்நாட்டு வானம் செக்கச்செவேலென்று—

(வேண்டாம். இந்தக் கதை முழுக்கக் குளிரூட்டிய அறையில், பிஸ்கட் தட்டைச் சுற்றித்தான் நடக்கிறது.)

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம். பிரதமரிடம் எதைக் கொண்டுபோனாலும் மூன்று யோசனைகளாகக் கொண்டுபோக வேண்டும். முதலாவது கோழைத்தனமாகத் தெரிய வேண்டும், மூன்றாவது பைத்தியக்காரத்தனமாக. அதிகாரிகளுக்கு வேண்டியது நடுவில் இருக்கும். பிரதமர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு நடுவானதைத் தொடுவார். தான் நிதானமானவர் என்பதில் அவருக்கு அப்படியொரு பெருமை. அந்த மூன்றையும் எழுதுகிறவர் நம் செயலாளர். அதில் கைதேர்ந்தவர்.

யாரோ இருவர் அடித்துக்கொண்ட தூரத்துப் போருக்கு இப்படித்தான் முதலில் ஆயுதம் போனது. பிறகு ஆயுதத்தைப் பழக்கிக்கொடுக்க ஆட்கள் போனார்கள். அந்த ஆட்களுக்குக் காவலாகச் சிப்பாய்கள். சிப்பாய்கள் அடிபடவே, ஒரு மருத்துவமனை. ஒவ்வொன்றும் நடுவானதுதான்.

3.
"அப்பா, அந்த ஆஸ்பத்திரிக்கு என்னையும் போட்டிருக்காங்க." ராணுவ டாக்டரான மகள் போனில் சொன்னாள். "இத யாருப்பா முடிவு பண்ணது?"

"கமிட்டிதாம்மா."

"நீங்க அதுல இருந்தீங்களா?"

"லைன் சரியில்லம்மா, அப்புறம் பேசறேன்."

(இதைப் படித்த நண்பன், மகள் ரொம்ப வசதியாக வந்து மாட்டுகிறாள், எடுத்துவிடு என்றான். எடுத்துப் பார்த்தேன். அவள் இல்லாவிட்டால் இந்த மனிதர் நிறுத்தாமல் எழுதிக்கொண்டே போகிறார். மகள் இருக்கட்டும்.)

4.
மருத்துவமனைக்குப் பக்கத்தில் குண்டு விழுந்தது. மறுபடி கூட்டம். இந்த முறை செயலாளர் துணிந்து ஒரு காரியம் செய்தார். குண்டு போட்டவர்களிடமே மன்னிப்புக் கேட்டு இழப்பீடு தருவதை முதலில் வைத்தார். எல்லோரையும் திருப்பி அழைப்பது நடுவில். மருத்துவமனைக்குக் காவலாக ஆயிரம் பேரை அனுப்புவது கடைசியில். பிரதமரின் விரல் நடுவை நோக்கி நகர்ந்தது.

"இன்னொன்னும் இருக்குங்க," என்றார் படைத் தளபதி. "முழுப் படையையும் இறக்கிடலாம்."

நான்காகிவிட்டது. நான்குக்கு நடுவில் இரண்டு. பிரதமர் திணறிப்போனார். பிறகு செயலாளரைப் பார்த்து மிகவும் கனிவாகக் கேட்டார்: "உங்க பொண்ணு அங்கதானே இருக்கா? எல்லாரையும் கூப்பிட்டுக்கலாமா, காவல் போடலாமா? நீங்களே சொல்லுங்க."

கூப்பிடலாம் என்றால் பெற்ற பாசம் பேசுகிறது என்பார்கள். காவல் என்றால் அடுத்த கூட்டத்துக்கும் அவர்தான் எழுத வேண்டும். செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு,

5.
மூன்று முடிவுகள் எழுதினேன். முதலாவதில், கூப்பிடலாம் என்று சொல்லி வேலையை இழக்கிறார். இரண்டாவதில் பேசாமல் இருக்கிறார். மூன்றாவதில் காவல் கேட்கிறார். படித்தவர்கள் எல்லோருக்கும் இரண்டாவதுதான் பிடித்திருந்தது. அதுதான் இயல்பாக இருக்கிறதாம். எனக்கு அவர்கள்மேல் கோபம் வந்தது, எழுதிக்கொடுத்த என்மேல் அதைவிட அதிகமாக. மூன்றையும் கிழித்துப்போட்டேன்.

அங்கே மருத்துவமனைக் கூடாரத்தில் மகள் யாருக்கோ தையல் போட்டுக்கொண்டிருக்கிறாள். அந்த ஆயிரம் பேரும் இன்னும் அவரவர் வீட்டில்தான் இருக்கிறார்கள். செயலாளரின் நாற்காலியில் இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள், அறை காத்திருக்கிறது. சொல்லுங்கள்.