ஹார்ன் ரிலே

முன்விளக்கு எரியவில்லை என்று மைத்துனன் போன வாரம் என் பட்டறைக்கு வேனைக் கொண்டுவந்தான். விளக்குக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் ரிலே போயிருந்தது. ஹார்ன் ரிலேயும் அதே வகை என்பதால், அதைக் கழற்றி விளக்குக்கு மாட்டினேன். பளிச்சென்று எரிந்தது. ஹார்னுக்குப் புதிது வாங்கிப் போடுவதற்குள் அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நானும் சுத்தமாக மறந்துபோனேன்.

இன்று காலை, நசுங்கிய வேனின் ரிலே பெட்டியைத் திறந்தேன். ஹார்னுக்கான இடம் காலியாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் அவன் மாவுக்கட்டுப் போட்ட காலோடு படுத்திருந்தான்.

"லாரிக்காரன் தூங்கிட்டே வந்தான், மாமா. ஹார்னை அழுத்தோ அழுத்துன்னு அழுத்தினேன், சத்தமே வரல. எல்லாம் என் கெட்ட நேரம்."

"நல்லவேளை, லைட்டையாவது இவர் சரிபண்ணிக் குடுத்தாரு" என்றாள் என் மனைவி.

நான் அவன் கட்டிலருகே உட்கார்ந்தேன்.

"நேரத்தைத் திட்டாதடா. என்னைத் திட்டு."