ஆளுக்கொரு பெயர்

ஸ்டேஷனுக்குள் இருந்துகொண்டே யாரோ சாராயக்காரர்களுக்குத் துப்புக் கொடுக்கிறார்கள் என்று எங்கள் எஸ்.ஐ. செல்லச்சாமி முடிவுகட்டியது தொண்ணூற்று மூன்றாம் வருஷம் பங்குனியில். அவரையும் குறை சொல்ல முடியாது. திருப்புல்லாணியைத் தாண்டிக் கடற்கரை வரைக்கும் கிடக்கிற கருவேலங்காட்டுக்குள் எங்கே ரெய்டு போனாலும் அடுப்பு மட்டும் சுட்டுக்கொண்டிருக்கும். ஊறல் பானையும் இருக்காது, காய்ச்சுகிற ஆளும் இருக்கமாட்டார்கள். ஒரு தடவை அடுப்புமேல் கருவாடு சுட்டு, இலையில் வைத்துவிட்டே போயிருந்தார்கள். நம்மை மதித்து வைத்திருக்கிறார்கள் என்று ரைட்டர் சீனி முகம்மது சிரித்தார். அந்தச் சிரிப்பை எஸ்.ஐ. மனசில் குறித்துக்கொண்டார்.

ரெய்டு சேதி முன்கூட்டித் தெரிந்தவர்கள் எஸ்.ஐ.யை விட்டால் மூன்று பேர். ஸ்டேஷன் எழுத்து வேலையெல்லாம் பார்க்கிற ரைட்டர், ஏட்டு தவசி, அப்புறம் நான். நாகலெட்சுமி, அந்த ஸ்டேஷனுக்கு இருந்த ஒரே பெண் போலீஸ். மற்ற போலீஸ்காரர்களுக்கு ஜீப்பில் ஏறிய பிறகுதான் எங்கே போகிறோம் என்பதே தெரியும். எஸ்.ஐ. அவ்வளவு உஷார். ஜீப் சாவியைத் தன் பையிலேயே வைத்துக்கொள்வார். கிளம்புகிற அன்றைக்கு டெலிபோனை யாரும் தொடக்கூடாது. எல்லாம் சரிபார்த்துவிட்டு, எதிரே இருக்கிற பிள்ளையாருக்கு ஒரு சிதறுகாய் உடைத்துவிட்டு, நெற்றி நிறையத் திருநீற்றோடு வந்து வண்டியில் ஏறுவார். இத்தனைக்கும் பிறகு சேதி எப்படிப் போகிறது என்று அவர் மண்டையை உடைத்துக்கொண்டார்.

அப்புறம் ஸ்டேஷன் ஸ்டேஷனாக இல்லை. தவசி ஏட்டு டீக்குடிக்கப் போனால் யாரோடு பேசுகிறார் என்று ரைட்டர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார். ரைட்டர் கையில் திடீரென்று ஒரு வெளிநாட்டு வாட்ச் மின்னியது, அதை நான் பார்த்தேன். பரமக்குடியில் எனக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை ஸ்டேஷனுக்குப் போன் பண்ணுவார். நான் வாயைப் பொத்திக்கொண்டு பேசினால் இரண்டு பேரின் காதும் என் பக்கம் திரும்பிவிடும். கள்வனைப் பிடிக்கச் சம்பளம் வாங்குகிறவர்கள் ஒருவரை ஒருவர் பிடிப்பதற்கு அலைந்தோம்.

டி.எஸ்.பி.யிடம் நல்ல வசவு வாங்கிக்கொண்டு வந்த அன்று எஸ்.ஐ. எங்களை ஒவ்வொருவராகத் தன் அறைக்குள் கூப்பிட்டார். யார் என்று நினைக்கிறாய், ஒரு பெயரைச் சொல், வெளியே போகாது என்றார். நான் ரைட்டர் பெயரைச் சொன்னேன். வாட்சுக்குக் கணக்கு என்ன என்று கேட்கச் சொன்னேன். சவுதியிலிருந்து மச்சான் கொண்டுவந்தது என்று அப்புறம் தெரிந்தது. தெரிந்தால் என்ன, அன்றைக்கு என் சந்தேகம் நியாயமான சந்தேகந்தான், இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். எனக்கு முன்னால் போன ரைட்டர் என்ன சொன்னாரோ, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். கடைசியாகப் போன தவசி ஏட்டு போன வேகத்தில் திரும்பிவந்து உட்கார்ந்துகொண்டார்.

அடுத்த வாரம் கமுதியில் எஸ்.ஐ.யின் பங்காளி ஒருவர் இறந்துபோனார். எஸ்.ஐ. காரியத்துக்குப் போய்விட்டு வந்த மறுநாளே ரெய்டு வைத்தார். தீட்டுள்ளவர் பிள்ளையார் பக்கம் போகமுடியாது. வேறு யாரையாவது காய் உடைக்கச் சொல்லவும் அவருக்கு மனசில்லை, அந்த நிலைமையில் யாரைத்தான் நம்புவார். தவசியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அவரை ஸ்டேஷன் வாசலில் பாராவுக்கு நிறுத்திவிட்டு எங்களைக் கூட்டிக்கொண்டு போனார்.

அன்றைக்கு உலகம்மாள் பிடிபட்டாள். அந்தக் காட்டுக்கே ராணி மாதிரி இருந்தவள், பானையைக் கிளறிக்கொண்டிருந்த கையோடு அகப்பட்டுக்கொண்டாள்.

எஸ்.ஐ.க்குக் கணக்குச் சரியாகிவிட்டது. தவசிக்குத் தெரியாமல் போனோம், ஆள் கிடைத்தது, ஆகவே துப்புக் கொடுத்தது தவசி. சஸ்பெண்டுக்கு எழுதச் சொன்னார், அதற்குப் பிறகு வடக்கே எங்காவது தூக்கியடித்துவிடுவார்கள் என்றார். தவசி உத்தரகோசமங்கைக்காரர். பக்கவாதத்தில் படுத்துவிட்ட மனைவி சோலையம்மாளுக்குக் காலையில் எல்லாம் செய்து கொடுத்துவிட்டுத்தான் சைக்கிளை மிதித்துக்கொண்டு டூட்டிக்கு வருவார். இவரை வடக்கே அனுப்பினால் அந்தம்மாவுக்கு ஒருவாய் தண்ணீர் கொடுக்க நாதியில்லை.

உலகம்மாளுக்குக் காவலாக என்னை உட்கார வைத்திருந்தார்கள். பிடிபட்ட வருத்தமே இல்லாமல் அவள் எஸ்.ஐ. மேல் கோபமாக இருந்தாள்.

"காய் உடைக்காம வந்துட்டாரே ஒங்க அய்யா. இது என்ன நாயம் தாயி?"

என்ன உளறுகிறாள் என்று கேட்டேன்.

"அவரு காய் வாங்குறதே என் கொழுந்தன் கடையிலதான. காய் வாங்குனாருன்னா ரெய்டு. அவரு ஒடச்சு, கும்பிட்டு, வண்டியேறி வாரதுக்குள்ள நாங்க பானையப் பொதைச்சுப்புட்டு வீட்டுக்குப் போயிருவோம். ஊருக்கே தெரியுமே, ஒங்களுக்குத் தெரியாதா?"

சிரிக்க வேண்டிய விஷயந்தான், எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படியே எழுந்து எஸ்.ஐ. அறைக்குள் போனேன். ரைட்டர் எழுதிக்கொண்டிருந்தார், தவசி ஏட்டு சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். உலகம்மாள் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். எஸ்.ஐ. முகம் போன போக்கைப் பார்க்கப் பாவமாகக்கூட இருந்தது. ரைட்டர் பேனாவை மூடிவிட்டார்.

தன் தப்பைத் தாங்கமுடியாத மனுஷன் அடுத்தவன் தப்பைத்தான் முதலில் தேடுவான். எஸ்.ஐ. மேசையில் அடித்தார்.

"என்னைய மட்டும் பாக்காதீக. ரைட்டரு ஒம் பேரச் சொன்னாரு. நீ ரைட்டரு பேரச் சொன்ன. இந்த ஆளு ஒருத்தருதான் தன் பேரையே எழுதிக்கிருங்கன்னு சொன்னாரு. வேற என்ன நெனைக்கச் சொல்றீக?"

நானும் ரைட்டரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இவரா என்னைச் சொன்னார் என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். எஸ்.ஐ. எழுதினதைக் கிழித்துப் போடச் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

தவசி ஏட்டு டூட்டி முடிந்து கிளம்புகையில் வாசலில் போய் மறித்தேன். எதற்காக அப்படிச் சொன்னீர்கள், வீட்டில் அந்தம்மா கிடக்கிற கிடையில் இது தேவையா என்று சத்தம் போட்டேன்.

"ஒரு பேரு சொல்லாம விடமாட்டேன்னாரு. வேற என்ன செய்ய?"

"நாங்களும்தான் சொன்னோம். மனசுல பட்ட ஆளச் சொல்லிட்டுப் போக வேண்டியதுதான?"

அவர் சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டே, குனிந்த தலை நிமிராமல் பதில் சொன்னார்.

"மனசுல பட்டது நீதாம்மா. டெலிபோன்ல எந்நேரமும் குசுகுசுன்னு பேசுவ. கல்யாணம் ஆகப்போற பிள்ள, என்ன கஷ்டமோ, வேலை போச்சுன்னா அதும் நின்னுபோகும்னு விட்டுட்டேன்."

கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது எனக்கு. என்னைக் கள்ளி என்று முழுசாக நம்பிக்கொண்டே எனக்காகப் போய் மாட்டிக்கொண்ட மனுஷனோடு எப்படிச் சண்டை பிடிப்பது? "நான் இல்ல ஏட்டய்யா" என்று மட்டும் வந்தது.

"அதான் தெரிஞ்சுபோச்சே" என்றார். சோலையம்மாளுக்கு நேரத்துக்குக் கஞ்சி கொடுக்கவேண்டும் என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போனார்.