வாஹித் பாஷாவின் கைச்சூடு

1926 கோடையில் ஒரு வெள்ளிக்கிழமை முதல், ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பின் சாயமேஸ்திரி வாஹித் பாஷா கைவைத்த தண்ணீரெல்லாம் மெல்லச் சூடேறிக் கொதித்தது. கைக்கு ஒன்றும் ஆகவில்லை, சூடுகூடத் தெரியவில்லை. காரணம் ஊருக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும்.

சீமைச் சாயத்துக்கு ஒரு முறை உண்டு. முதலில் வெதுவெதுப்பான நீரில் தோல் சாயத்தை உள்வரை குடிக்க வேண்டும். பிறகுதான் கொஞ்சம் சூடேற்றித் திராவகம் விடுவார்கள். அப்போதுதான் நிறம் பிடித்துக்கொள்ளும். அன்று ஜும்மா தொழுகைக்கு நேரமாகிவிட்டதென்று, கொதிநீரையும் திராவகத்தையும் ஒன்றாகக் கொட்டச் சொன்னார் மனுஷன். அறுபது தோலும் பொரித்த அப்பளமாய்ச் சுருண்டுபோயின. முதலாளி அப்துல் ஹமீத் கத்தியபோது, "சாமுவேல்தான் அடுப்ப ஜாஸ்தி எரிச்சுட்டான்" என்று வாய் கூசாமல் சொன்னார். "நீங்கதானே பாய் எரிக்கச் சொன்னீங்க?" என்றார் அடுப்புக்கார சாமுவேல். ஏழை சொல் அம்பலம் ஏறுமா? சாமுவேலுக்கு வேலை போயிற்று, பேரணாம்பட்டிலிருந்து வாணியம்பாடிவரை வேறெந்தத் தோல்ஷாப்பும் அவரைச் சேர்க்கவில்லை. கோலார் தங்கச் சுரங்கத்துக்குப் போய்விட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை மதியமே, தொழுகைக்குக் கைகால் கழுவப் போன வாஹித் பாஷா கைவைத்ததும் மசூதித் தொட்டியில் ஆவி கிளம்பியது. ஜமாத்தார் அவருக்குத் தனிச் செம்பு கொடுத்து ஒதுக்கினார்கள். மனைவி ஃபரீதாவோ அரிசிப் பானைக்குள் கையை விடச் சொல்லி, விறகு மிச்சம் என்றாள். முதலாளிக்கும் அதே சந்தோஷம். தொட்டி நீரை அவர் கையாலேயே சுடவைத்துக்கொண்டு, சாய அடுப்பையே இடித்துவிட்டார். இப்படி ஒன்பது வருஷம் ஓடியது. வாஹித் பாஷாவுக்கு மட்டும் ஒருவாய்ச் சோறு ஒழுங்காக இறங்கவில்லை.

பத்தாம் வருஷம் சாமுவேலின் மனைவி சவுரியம்மாள் வந்து நின்றாள். "சொரங்கத் தூசியில நெஞ்சு போய்ட்ச்சு பாய். அவருக்கு பழைய வேலய வாங்கிக் குடுங்க."

தோல்ஷாப்பில் எல்லார் முன்னாலும் வாஹித் பாஷா அழுதுகொண்டே உண்மையைச் சொன்னார். முதலாளி பொறுமையாகக் கேட்டார். "சரி, தப்ப ஒத்துக்கினே. ஆனா நீ இருக்கசொல்ல எனக்கு அடுப்புக்காரன் எதுக்கு?"

அட பாவமே! பொய் சொன்ன பாவத்தில் வந்த சூடே சாமுவேலின் அடுப்பு வேலையையும் தின்றிருந்தது.

"அவன சேக்கலன்னா நான் தொட்டியில கைய வெக்க மாட்டேன்" என்றார் வாஹித் பாஷா. முதலாளிக்கு வேறு வழியில்லை.

திங்கட்கிழமை முதல் வாஹித் பாஷா தொட்டியில் கைவிட்டு நீரைச் சூடேற்ற, சாமுவேல் அருகே முக்காலி போட்டு உட்கார்ந்து, தண்ணீரில் மணிக்கட்டை வைத்துச் சூடு பார்த்தார். அதற்குப் பிறகு அங்கே ஒரு தோலும் சுருளவில்லை. வாஹித் பாஷாவின் கையும் ஆறவில்லை. ஆறும் என்று யாரும் எதிர்பார்க்கவுமில்லை. சாமுவேல் அதன்பின் மூன்று வருஷம் உயிரோடு இருந்தார். மன்னித்தேன் என்று ஒருநாளும் சொல்லவில்லை. "போதும் பாய்" என்பார். இவர் கையை எடுப்பார்.