எதிர்த் தொட்டில்

தேனம்மை ஆச்சிக்கு உள்ளே ஒன்றுமே இல்லை. இதை அவள் கண்டுபிடித்தது ஒரு மார்கழிக் கடைசியில், கண்ணை மூடிச் சம்மணமிட்டு உட்கார ஆரம்பித்த நாற்பத்திரண்டாவது நாள்.

உட்காரச் சொன்னது ஒரு சாமியார். கார்த்திகையில் காரைக்குடிக்கு வந்தவர், தேனம்மை வீட்டு வளவில், சுற்றிலும் அறைகள் கொண்ட அந்த நடு முற்றத்தில், ஆச்சிமாரைக் கூட்டி, தூணில் ஒரு துணிப்படத்தை மாட்டினார். படத்தில் ஒரு மனுஷன் சம்மணம் போட்டிருந்தான். அவன் முதுகுத்தண்டு நெடுக ஆறு தாமரை. உச்சந்தலைக்கு மேலே ஆயிரம் இதழில் ஏழாவது.

"சூரியன், சந்திரன், ஏழு லோகம் எல்லாம் உங்களுக்குள்ளயும் இருக்கு தாயி. மூச்சைப் பிடிச்சு ஒவ்வொரு படியா ஏறிப் பாருங்க. தைப்பூசம் கழிஞ்ச வெள்ளிக்கிழமை வருவேன். கண்டவுகளுக்கு மேற்கொண்டு உபதேசம். காணாதவுக மறுபடி முதல் படியிலேருந்து," என்று சொல்லிவிட்டு, படத்தை விட்டுவிட்டுப் போய்விட்டார்.

சாமியார் செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். இதைப் போய்ச் செட்டிநாட்டு ஆச்சிமாரிடம் சொல்லியிருக்கக் கூடாது. பெண்ணுக்குக் கொடுக்கிற சாமானை, கரண்டி முதல் கொப்பரை வரை, வளவு நிறையப் பரப்பி வைத்து ஊரைக் கூப்பிட்டுக் காட்டிப் பழகியவர்கள் அவர்கள். ஆன்மாவையும் அப்படியே பரப்பினார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் கூடிவிடுவார்கள். ஒருத்தி நாலு இதழ்த் தாமரை கண்டேன் என்றால் அடுத்தவள் ஆறு இதழ் என்பாள், அதுவும் பன்னீர் வாசத்தோடு.

எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டவள் நாச்சியம்மை ஆச்சி. தேனம்மைக்கு மூத்த ஓரகத்தி, அதே வளவில் எதிர் அறைக்காரி. முதல் வாரம் சந்திரனைப் பார்த்தாள். இரண்டாம் வாரம் சந்திரனுக்குள்ளேயே போய்விட்டாள். மூன்றாம் வாரம், "வழி நெடுகக் கோலம் போட்டிருந்துச்சு," என்றாள். "நம்ம விசேஷத்துக்குப் போடுற நடு வீட்டுக் கோலந்தான். ஆனா பெருசு."

தேனம்மைக்குத் தெரிந்ததெல்லாம் இருட்டு. அந்த இருட்டில் அடுப்படியிலிருந்து தேன்குழல் வேகிற வாசனை வரும், வலது முழங்கால் வலிக்கும், அவ்வளவுதான். ஒரு வெள்ளிக்கிழமை மானம் போகிறதே என்று, "நீலமா ஏதோ தெரிஞ்சுச்சு," என்று சொல்லி வைத்தாள்.

"எத்தனை இதழ்?" என்று கேட்டாள் நாச்சியம்மை.

"எண்ணலை ஆச்சி."

"எண்ணணும் தேனு," என்றாள் அவள், அலமாரிச் சாவியைத் தொலைத்தவளைப் பார்க்கிற மாதிரி பார்த்து.

மானத்தை விடுங்கள், அது கிடக்கிறது. தேனம்மையைத் தின்றது வேறு. ஊரில் அத்தனை பேருக்கும் உள்ளே ஏழு லோகம் இருக்க, தனக்கு மட்டும் காலி அறை. நாளைக்கே கண்ணை மூடினால் மேலே போவதற்கு உள்ளே ஏதாவது இருக்க வேண்டுமே, இல்லாவிட்டால் எது போகும்? பினாங்கில் இருக்கும் புருஷன் செட்டியாருக்குக் கடிதத்தில் எழுதுகிற விஷயமா இது? அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வளவில் நடக்கும்போதுகூட, தன் காலடிச் சத்தம் வெறும் குடத்துக்குள் கேட்பதுபோல் இருந்தது.

காளீசுவரரிடமே கேட்டுவிடுவது என்று தைப்பூசத்தன்று கிளம்பினாள். வீட்டில் பாத்திரம் விளக்கும் காளியாயியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு, பிளஷர் காரில் காளையார்கோவிலுக்குப் போய் இறங்கினாள். சாமி கும்பிட்டாயிற்று. கேட்டும் ஆயிற்று. சாமி ஒன்றும் சொல்லவில்லை.

வெளியே வந்தால் ஊரணிக் கரையில் தொட்டில் ராட்டினம் ஒன்று போட்டிருந்தார்கள். நடுவில் ஒரு மர அச்சு, நாலு பக்கமும் நாலு தொட்டில், ஆள் நின்று கையால் தள்ளுவது. அதைப் பார்த்த காளியாயிக்குக் கால் நகரவில்லை.

"ஒரே ஒரு தடவை ஏறிட்டு வந்துரட்டுமா ஆச்சி?"

நாலு பிள்ளை பெற்றவள் கேட்கிற கேள்வி இது. "போயேன், எனக்கென்ன," என்றாள் தேனம்மை.

ராட்டினக்காரன் செம்மலை காளியாயியை மேலும் கீழும் பார்த்தான். காளியாயிக்கு நல்ல உடம்பு. "ஏத்தலாந்தான். எதிர்த் தொட்டில்ல சமமா எடை வேணுமே ஆத்தா. இல்லாட்டி குடை சாஞ்சுரும். சனமெல்லாம் தேர் பாக்க அங்குட்டுப் போயிருச்சு." பிறகு தேனம்மையைப் பார்த்தான். ஆச்சிக்கும் நல்ல உடம்பு. "ஆச்சி மனசு வச்சா சரியா இருக்கும்," என்றான், மரியாதையாகத்தான்.

"வேணாம் ஆச்சி, வாங்க போவம்," என்று காளியாயி பதறித் திரும்பினாள். ஆனால் அவள் முகம் வாடியதைத் தேனம்மை பார்த்துவிட்டாள். உள்ளேதான் ஒன்றுமில்லை, எடைக்காவது ஆகட்டும் என்று நினைத்துக்கொண்டு, முந்தானையை இழுத்துச் செருகி எதிர்த் தொட்டிலில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

முதல் சுற்றில் காளீசுவரா என்றாள். இரண்டாவதில் வயிறு கீழேயே தங்கிவிட்டது. மூன்றாவதில் யாரோ ஒருத்தி கெக்கெக்கே என்று சிரிப்பது கேட்டது. பொம்பிளைக்கு இவ்வளவு சிரிப்பு ஆகாது என்று முகம் சுளித்த பிறகுதான் தெரிந்தது, அது தன் வாய். கோபுரம் எழுந்தது, ஊரணி சாய்ந்தது, பனைமரமும் பொரிக்கடையும் தேரும் வெயிலும் ஒன்றையொன்று துரத்தின, காளியாயி மேலே போனாள் தேனம்மை கீழே வந்தாள், தேனம்மை மேலே போனாள் காளியாயி கீழே வந்தாள், இருவர் கத்தலும் ஒரே கத்தலாகி எது எவள் தொண்டை என்று தெரியாமல் போயிற்று. நடுவில் அந்த அச்சு மட்டும் எங்கேயும் போகாமல் கிறீச் கிறீச் என்று இருந்த இடத்தில் இருந்தது.

ஆச்சி உச்சிக்குப் போன நேரம் பார்த்துச் செம்மலை ராட்டினத்தைப் பிடித்து நிறுத்தினான்.

அங்கேதான் நடந்தது. கண் திறந்தே இருந்தது. எதிரே வானம் இருந்தது. தேனம்மை என்று ஒருத்தி இல்லை. முழங்கால் இல்லை, ஓரகத்தி இல்லை, பினாங்கு இல்லை. பார்க்கிறவளைக் காணோம், பார்வை மட்டும் ஓரம் விளிம்பு இல்லாமல் கிடந்தது. கண்ணை மூடினாள். அதே காலி. இத்தனை நாள் பார்த்துப் பயந்தாளே, அதே காலி அறைதான், சுவர்தான் இல்லை. உள்ளே ஒன்றுமில்லாமல் இருந்ததும் வெளியே வானமாக இருந்ததும் ஒன்றேதான். சூரியனும் சந்திரனும் ஏழு லோகமும் வந்து புழங்கினாலும் இன்னும் இடம் கிடக்கும். இதற்குப் போயா சோறு இறங்காமல் கிடந்தோம் என்று அவள் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள்.

"பயமா இருக்கா ஆச்சி?" என்று கீழ்த் தொட்டிலிலிருந்து காளியாயி கத்தினாள்.

"இறக்கிவிடட்டுமா?" என்றான் செம்மலை.

"இன்னொரு தரம் சுத்துப்பா," என்றாள் ஆச்சி.

வெள்ளிக்கிழமை சாமியார் வந்தார். ஆச்சிமார் வரிசையாகப் பரப்பினார்கள். நாச்சியம்மை ஆறு தாமரையையும் இதழ்க் கணக்கோடு சொல்லி முடித்தாள். கடைசியில் தேனம்மையின் முறை.

"கண்ணை மூடி உக்காந்தப்ப எனக்கு ஒண்ணும் தெரியலை சாமி. நீலம்னு சொன்னது பொய். காளையார்கோவில்ல காளியாயிக்கு எடைக்காக ராட்டினத்துல ஏறுனேன். உச்சியில நான் இல்லை. ஒண்ணுமே இல்லை. ஆனா அம்புட்டும் இருந்துச்சு. அதுக்கு மேல சொல்லத் தெரியலை."

"ராட்டினத்துலயா, வேலைக்காரி கூடவா," என்று ஓர் ஆச்சி முணுமுணுத்தாள். சாமியார் தன் படத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

"அந்த ராட்டினம் இன்னும் இருக்கா தாயி?"

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் இருக்குமாம் சாமி."

மறுநாள் காளையார்கோவிலுக்கு மூன்று கார் போயிற்று. சாமியார் ஒல்லி, அவருக்கு எதிரே எந்த ஆச்சியும் சரிப்படவில்லை. செம்மலை ஒரு பொரி மூட்டையையும் ரெண்டு கல்லையும் வைத்துச் சமாளித்தான். இறங்கியவர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து விக்கல் எடுக்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

நாச்சியம்மை மட்டும் ஏறவில்லை. தேனம்மையின் கையைப் பிடித்து ஊரணிப் பக்கம் இழுத்துப் போனாள்.

"தேனு, சந்திரன் கோலம்னு சொன்னதெல்லாம் நானாச் சொன்னதுடி. எனக்கும் உள்ள ஒண்ணுமில்லை. எல்லாருக்கும் இருக்கு, நமக்கு மட்டும் இல்லையேன்னு தெனம் செத்துப் பொழைக்கிறேன்."

எதிர் எதிர் அறையில் உட்கார்ந்து இரண்டு பேரும் ஒரே இருட்டைப் பார்த்துப் பயந்திருக்கிறார்கள்.

"அதேதான் ஆச்சி அது," என்றாள். "அந்த ஒண்ணுமில்லாததுதான். வாங்க, எதிர்த் தொட்டில்ல நான் உக்காருறேன்."

செம்மலை தள்ளினான். நாலு சுற்று சுற்றி, நாச்சியம்மையை உச்சியில் நிறுத்தினான். கீழ்த் தொட்டிலில் இருந்த தேனம்மை அண்ணாந்து பார்த்துக் கேட்டாள்.

"எத்தனை இதழ் ஆச்சி?"

சிரிப்பும் அழுகையுமாய் மேலேயிருந்து குரல் வந்தது.

"எண்ணலைடி தேனு."