எட்டாவது தடவை

வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் எதிரில் இருபத்திரண்டு வருடமாக மனு எழுதிப் பிழைக்கிறேன். கலையரசன் எழுதின மனு என்றால் கல்லும் கரையும் என்று எனக்குப் பேர். அந்தத் தைரியத்தில்தான் கதை எழுத உட்கார்ந்தேன். ஒரே ஒரு கதை. அதையே ஆறு மாதத்தில் ஏழு தடவை எழுதிவிட்டேன். ஏழு தடவையும் பக்கத்து ஜெராக்ஸ் கடை உம்மே ஹானி திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அவளிடம் நான் டைப் அடிக்கத்தான் கொடுத்தேன், அபிப்பிராயம் கேட்கவில்லை. ஆனால் என் மனுக்களையெல்லாம் அடித்து அடித்து என் கைவரிசை அவளுக்கு அத்துப்படி. கதையில் மழை பெய்தால், எதற்கு மழை என்பாள். மழையை எடுத்தேன். அழுகை ஜாஸ்தி என்றாள். அதையும் கம்மி பண்ணினேன். அப்போதும் சரியில்லை என்று தலையை ஆட்டினாள்.

கதை இதுதான். தாய் செத்துப்போகிறாள். பிணத்தை எடுக்கவிடாமல் அண்ணன் தம்பிக்காகக் காத்திருக்கிறான். சொத்துக்காக அண்ணன்மேலேயே மனு கொடுத்த கல்நெஞ்சுக்காரத் தம்பி கடைசிவரை வரவில்லை. படிக்கிறவர்கள் அழ வேண்டாமா? உம்மே ஹானிக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

"இதுவும் மனுதாண்ணா," என்றாள். "அண்ணங்காரன்மேல ஒரு தப்பும் இல்ல. தம்பிக்குச் சேதி சொன்னது யாரு?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கதை எழுதுகிறவன் நானா, அவளா? எங்கள் பக்கத்தில் சேதி சொல்லாத சாவுக்கு ரத்த உறவுகூட வராது. சேதி சொல்லாமல் விடுவது உறவையே அறுத்துப் போடுவது. அது தெரிந்துதான் கேட்கிறாள். தாள்களைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை, மனு நாள். கீழ்பென்னாத்தூரிலிருந்து வெள்ளையம்மாள் என்கிற அம்மா முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார். நிலத்துக்குப் போகிற வழியைக் கொழுந்தன் முள்ளைப் போட்டு அடைத்துவிட்டானாம். வழக்கம்போல 'ஒரு பாவமும் அறியாத நான்' என்று பேனா தானாக ஓடியது. எரிச்சல் இன்னும் அடங்காததால் வாய் சும்மா இருக்கவில்லை. நீங்கள் அவனை என்ன செய்தீர்கள் என்று கேட்டுவிட்டேன்.

"அவன் காயவெச்ச மல்லாட்டைல மாட்டை அவுத்து வுட்டேன். அத எதுக்குப்பா எழுதற? எழுதினா என் பக்கம் எவன் பேசுவான்?"

இந்த ஆளுக்கு வேலை தெரியவில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே அடுத்த மேஜைக்குப் போய்விட்டார். இத்தனை வருடத்தில் என் மேஜையைவிட்டு எழுந்துபோன முதல் கிராக்கி. கடைக்குள்ளிருந்து உம்மே ஹானி பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு இரண்டு பேர்மேலும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் வேர்க்கடலையில் அவிழ்த்துவிட்ட அந்த மாடு மட்டும் மனதைவிட்டுப் போகவில்லை. மனுவில் சேராத அந்த மாட்டில்தான் கதையே இருந்தது.

மத்தியானம் சாப்பிடப் போகாமல் எட்டாவது தடவை எழுதினேன். அண்ணன் என்று வந்த இடத்தையெல்லாம் அடித்து 'நான்' என்று போட்டேன். 'என் தம்பி திருமலை ஆரணியில் இருந்தான். ஒரு போன் போட்டிருந்தால் இரண்டு மணி நேரத்தில் வந்திருப்பான். சாவு வீட்டுப் பரபரப்பில் சொல்ல மறந்துவிட்டேன்' என்று முடித்தேன். இதற்குமேல் என்ன எழவு வேண்டும் இவளுக்கு என்று தாள்களைக் கொண்டுபோய் அவள் முன்னால் போட்டேன்.

படித்தாள். இந்தத் தடவை மழையையும் சொல்லவில்லை, அழுகையையும் சொல்லவில்லை. கடைசி வரியில் விரலை வைத்தாள்.

"மறந்தீங்களாண்ணா?"

கத்துவதற்காகத்தான் வாயைத் திறந்தேன். கண் அந்த வரியிலேயே போய் நின்றது. மூன்று வருடமாகச் சொந்தக்காரர்களிடம் நான் சொல்லிவந்த பொய் அது. சொல்லிச் சொல்லி எனக்கே நிஜமாகிப்போயிருந்தது.

அவள் மேஜையிலிருந்த பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தேன். 'என்மேல் மனு கொடுத்தவன் அம்மா முகத்தைப் பார்க்கக்கூடாது என்று நான்தான் சேதி சொல்லவில்லை. மற்றவர்களையும் சொல்லவிடவில்லை' என்று எழுதினேன்.

உம்மே ஹானி தாளை வாங்கி டைப் அடிக்க ஆரம்பித்தாள்.