பிளக் துளையில் ஒரு கட்டைவிரல்

வெண்டல் சாவியைத் திருப்பினான். பிக்கப் வண்டி இருமியது, கார்புரேட்டர் வழியாக ஒரு வெடி வெடித்து அடங்கியது. சீருடையோடு கொட்டகை வாசலில் நின்ற அவன் மனைவி அர்லீனுக்கு அலுத்துவிட்டது. ஒஹாயோவின் சோளக்காட்டு நடுவில், பஸ் எட்டிப் பார்க்காத இடத்தில், இருப்பதே இந்த ஒரு வண்டிதான். அதுவும் ஓடிக்கொண்டிருந்த வண்டி. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியைப் போல, அதன் வயிற்றைப் பிரித்துப் வால்வுகளைத் திறந்து மூடும் புது கேம் ஷாஃப்ட்டும் அதைச் சுழற்றும் செயினும் மாட்டியிருந்தான். அவள் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் இன்னொரு முறை தாமதமானால் வேலை இல்லை என்று மேற்பார்வை பார்க்கும் டார்சி சொல்லியிருந்தாள். "இதோ ஆச்சு" என்று வெண்டல் சொன்னதை நம்பித்தான் அர்லீன் மதியத்திலிருந்து நிற்கிறாள்.

"செயின் ஓடுற பல்சக்கரத்துப் புள்ளி ரெண்டும் நேருக்கு நேரா இருக்கு. எல்லாம் சரி" என்றான்.

"எல்லாம் சரின்னா ஏன் ஓடல?"

போன் அடித்தது. டார்சி. "இனிமே வர வேணாம் அர்லீன். என்னால ஒண்ணும் பண்ண முடியல."

"சரி" என்றாள். அழுகை வந்தது, அழத் தெம்பில்லை. கைப்பையைத் தரையில் வைத்தாள்.

"முதல் ஸ்பார்க் பிளக்கக் கழட்டு" என்றாள். அவன் கழற்றினான்.

துளையில் கட்டைவிரலை வைத்து அடைத்தாள். அவன் ஸ்பேனரால் இன்ஜினை மெதுவாகச் சுற்றினான். பிஸ்டன் மேலே வந்தது. விரலில் ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு முழுச் சுற்று சுற்றியதும் காற்று விரலைத் தள்ளிக்கொண்டு சீறியது.

"இப்பதான் வெடிக்கிற நேரம்" என்றாள்.

வெண்டல் அப்படியே உட்கார்ந்துவிட்டான். பிஸ்டன் மேலே வருவது இரண்டு முறை. ஒன்று வெடிக்க, மற்றது புகை தள்ள. புள்ளிகளை நம்பி, புகை தள்ளும் நேரத்துக்குப் பொறி வரும்படி டிஸ்ட்ரிபியூட்டரை இறக்கியிருந்தான்.

"ஒரு விரல் குடுன்னு கூப்பிட்டிருக்கலாமே."

"ராத்திரி ஷிஃப்ட் பாத்துட்டு வந்து தூங்கிட்டிருந்த. எழுப்ப மனசு வரல."

 அவளால் கோபப்பட முடியவில்லை.

டிஸ்ட்ரிபியூட்டரைத் தூக்கி, அரைச் சுற்று திருப்பி இறக்கினான். பிளக்கை மாட்டினான். அவள் ஏறிச் சாவியைத் திருப்பினாள். உடனே பிடித்துக்கொண்டது.

"அணைச்சிடாத!" என்று கத்தினான். "புது கேம், உடனே அணைச்சா தேஞ்சிடும். கொஞ்ச நேரம் நின்ன இடத்துலயே வேகமா ஓடணும். ஆக்ஸிலேட்டர மிதிச்சுக்கிட்டே இரு."

அர்லீன் மிதித்தாள். வண்டி உறுமியது. எண்ணெய் படிந்த கட்டைவிரலைச் சீருடையில் துடைத்துவிட்டு, எதிரே இருந்த சோளக்காட்டைப் பார்த்தபடி, காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டே இருந்தாள்.